மூன்றாவது கண்ணும் இரண்டாவது ஆபரேஷனும்

சிங்கப்பெருமாள் கோவிலை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்கவே முடியாது. திருச்சிப் பக்கம் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். தாம்பரம், வண்டலூர், மறைமலைநகர் எல்லாம் தாண்டி, செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருக்கிற ஊர். (ஜி.எஸ்.டி. என்றதும் பர்ஸைத் தொட்டுப் பார்க்காதீர்கள். இது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. வரிக்கு ரொம்ப மூத்தது!)

ஊருக்குப் பேர் கொடுத்தவர் பாடலாத்ரி நரசிம்மர். சின்னக் குன்றைக் குடைந்து செய்த பல்லவர் காலத்துக் கோயில். ஜாபாலி முனிவருக்குக் காட்சி கொடுத்தார் என்பது தல புராணம். இவருக்கு ஒரு விசேஷம் உண்டு. நெற்றியில் மூன்றாவது கண்! அர்ச்சகர் நெற்றிக் காப்பை லேசாகத் தூக்கி, தீபத்தைக் காட்டி, "நன்னா சேவிச்சுக்கோங்கோ" என்பார். ஒரு விநாடிதான். பின்னால் நிற்பவர் முதுகில் கை வைத்துவிடுவார்.

இன்னொரு விசேஷம், இங்கே சாமியைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். மூலவர் பாறைக்குள் இருக்கிறாரே! சின்ன மலைதான். ஒல்லியானவர்கள் பேசிக்கொண்டே சுற்றி வந்துவிடுவார்கள். நான் பேசாமல் சுற்றுவேன். 109 கிலோவை வைத்துக்கொண்டு மூச்சு விடுவதே பெரிய பேச்சு.

சரி, எடை விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

இங்கிருந்து பிரியும் ரோடு ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிறது. 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று அந்த ரோட்டுப் பக்கம் வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. மாசக் கடைசியில் ராத்திரி ஷிஃப்ட்காரர்களோடு நாங்களும் விழித்திருப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு மனுஷனுக்குப் பசிப்பது கீரைக்கு இல்லை சார், பரோட்டாவுக்கு!

2019-ல் நான் 132 கிலோ. சர்க்கரை, குறட்டை, முட்டி வலி மூன்றும் கூட்டணி. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டை யாரும் பிடிப்பதில்லை. பாதி சீட்டை நானே பிடித்திருப்பேன். அந்த வருஷம் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாகத் தைத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் சுரப்பதும் வெட்டிய பாகத்தில்தான் அதிகம். அதனால் பசியும் குறையும்.

2021-ல் 84 கிலோ. பழைய பேண்ட்டுக்குள் நானும் என் மகளும் ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். இப்போது 109. அதாவது 48 போனது, 25 திரும்பி வந்தது.

"டேய் ராசா, கொஞ்சம் பூசினாப்ல இருந்தாத்தாண்டா லட்சணம்" என்கிறாள் அம்மா. "மச்சி, வெட்டின வயிறு திரும்ப முளைச்சிடுச்சா?" என்கிறான் ஆபீஸ் நண்பன். முளைக்காது. ஆனால் மிச்சமிருக்கும் குழாய் கொஞ்சம் விரியலாம். அதைவிட முக்கியம், இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க உடம்பே போராடுகிறது. பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். எங்கள் கம்பெனி பட்ஜெட் மாதிரி.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் 32 சதவிகித எடை குறைந்தது. பத்தாவது வருஷத்தில் பார்த்தால் அது 25 சதவிகிதம். ஆக, கொஞ்சம் திரும்பி வருவது வழக்கமான சங்கதிதான். மரடோனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டு துரும்பாகத் திரும்பினார். எடை ஏறியது. பத்து வருஷம் கழித்து, 2015-ல் வெனிசுலாவில் மறுபடி ஆபரேஷன். இங்கிலாந்து டீமையே ஏமாற்றியவருக்கு இரைப்பையை ஏமாற்ற முடியவில்லை!

நான் முதலில் பார்த்த டாக்டர், "ரிவிஷன் பண்ணிடலாம்" என்றார். ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது. ஒரு அவுன்ஸ் பிடிக்கும் குட்டிப் பையாக இரைப்பையைச் சுருக்கி, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. தேதிகூட எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்காரிக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. "ஏங்க, பம்மல் விஷயம் ஞாபகம் இருக்கா?" என்றாள். மறக்குமா? 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் போன 26 வயசுப் பையன் இறந்துபோனான். அரசு விசாரணை வரைக்கும் போன சம்பவம். பொதுவாக இந்த ஆபரேஷன்களில் உயிராபத்து ரொம்பக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் இரண்டாவது தடவை முதல் தடவை மாதிரி இல்லை. ஏற்கெனவே வெட்டித் தைத்த இடம், தழும்பு, ஒட்டுதல் எல்லாம் இருக்கும். சிக்கல் வாய்ப்பு கூடும். இறங்கும் எடையோ பெரும்பாலும் முதல் தடவையைவிடக் குறைவு. வீட்டில் சம்பளம் என்னுடையது ஒன்றுதான். மகள் ஒன்றாம் வகுப்பு.

அந்தச் சனிக்கிழமை மலையைச் சுற்றும்போது, இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் கத்தியைப் பற்றியே பேசவில்லை. மூன்று கேள்வி கேட்டார்.

"நெஞ்செரிச்சல் இருக்கா?" ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கு அமிலம் மேலே ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும். அப்படியிருந்தால் பைபாஸாக மாற்றுவதற்கு நியாயம் உண்டு. எனக்கு எப்போதாவது, அதுவும் பரோட்டா தினங்களில்.

"உள்ளே யாராவது பார்த்தாங்களா?" எண்டோஸ்கோப்பி, பேரியம் குடித்து எக்ஸ்ரே, இரண்டும் எடுக்காமல் ரிவிஷன் பேச்சே கூடாது என்றார்.

"மருந்து முயற்சி பண்ணீங்களா?" 2023-ல் லண்டனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு சரியாக எடை குறையாத 70 பேர். லிராகுளூடைட் ஊசி போட்டவர்களுக்கு 24 வாரத்தில் சராசரியாக 9 சதவிகிதம் இறங்கியது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு அரை சதவிகிதம். நம் நாட்டிலும் 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வெகோவி விற்பனைக்கு வந்துவிட்டன. உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்! ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளூடைட் ஆய்வு ஒன்றில், நிறுத்திய ஒரு வருஷத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டாக்டர் கண்காணிப்பும் பர்ஸும் இரண்டும் பலமாக இருக்க வேண்டும்.

எண்டோஸ்கோப்பி ஆயிற்று. குழாய் விரியவில்லை. புண் இல்லை. குடலிறக்கம் இல்லை. தச்சன் செய்த வேலை அப்படியே இருக்கிறது. குடியிருப்பவன் வாழ்க்கைதான் மாறியிருக்கிறது. விரியாத குழாயை மறுபடி வெட்டி என்ன ஆகப்போகிறது?

ஆக, இப்போது ரிவிஷன் இல்லை. ஆறு மாசம் கெடு. ஊசி, ராத்திரி டிபன் பாக்ஸில் முட்டையும் சுண்டலும், முதல் ஆபரேஷனிலிருந்து ஆயுள் முழுக்கப் போட வேண்டிய பி12, இரும்புச் சத்து மாத்திரைகள். மூன்று மாசத்துக்கு ஒரு முறை சர்க்கரை டெஸ்ட். சர்க்கரை கட்டுக்கு அடங்காவிட்டாலோ, அமிலம் மேலே ஏறினாலோ மறுபடி பேசுவோம். கதவைச் சாத்தியிருக்கிறேன், பூட்டவில்லை.

என் மாதிரி ஆசாமிகளுக்கு இரண்டு வார்த்தை. முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் கையில் இல்லாமல் இரண்டாவது டாக்டரிடம் போகாதீர்கள். அப்புறம் இன்ஷூரன்ஸ். பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி நோய்கள் என்பதுதான் பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை. ரிவிஷனுக்கும் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது க்ளெய்ம் நாளில் காது கேட்காது.

அம்மாவிடம் ஆபரேஷன் இல்லை என்றேன். "பெருமாள் கண்ணைத் திறந்தாருடா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எண்டோஸ்கோப்பி பில்லை நான் காட்டவில்லை. நல்ல பெயர் அவருக்கே போகட்டும்.