ஒரு மணி நேரத்துச் சைக்கிள்

ஆறு மில்லிமீட்டர் டிரில் பிட்டால், நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகட்டில் ஒரு துளை போட்டால் வெளியே விழும் தூள் கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நூறு துளை போட்டால் முப்பது கிராம். பெங்களூரு காக்ஸ் டவுன் பக்கத்துத் தர்ஷினி ஹோட்டலில் தருகிற உளுந்து வடை அதைவிடக் கனம். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும், எடை குறைக்கத் தன் சைக்கிள் பாகங்களில் துளை போடும் பையனிடம் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவனும் சைக்கிளும் சேர்ந்து எண்பத்துமூன்று கிலோ. நந்தி மலையின் ஏற்றத்தை அரை மணி நேரத்தில் முடிக்கிறான் என்று வைத்துக்கொண்டால், நூறு துளைகளும் சேர்ந்து மிச்சம் பிடித்துத் தருவது ஒரு வினாடிக்கும் குறைவு.

"அங்கிள், இதுல ஒரு இது இருக்கு. உங்களுக்குப் புரியாது" என்றான்.

அந்த 'இது' எனக்குக் கொஞ்சம் புரியத்தான் செய்கிறது. வாரம் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தொட முடியாத ஒன்றைச் செய்துவிட்டு வருகிறவன். சனிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் வைஸ் பூட்டி, சமையல் தராசை அம்மாவிடமிருந்து பறித்துக்கொண்டு வந்து, ஒரு பிரேக் லிவரை வைத்துத் துளை போடுகிறான். போடுவதற்கு முன் எடை, போட்ட பின் எடை, இரண்டையும் நோட்டில் எழுதுகிறான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் இருக்கும் நிம்மதியை நான் வேறு எந்தக் கிழமையிலும் பார்த்ததில்லை. 'துளை போடுவதற்குப் பதில் தொப்பையைக் குறைக்கலாமே' என்று தெருவில் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்கிறார்கள். தொப்பையைக் குறைப்பதில் கைவேலை ஏது?

இந்தப் பழக்கத்துக்குப் பெரிய இடத்துப் பூர்வீகம் உண்டு. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரத்தில், 1968 ஒலிம்பிக்கிற்குக் கட்டிய ஓடுதளத்தில், பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை வைத்தார். அந்தச் சைக்கிளைச் செய்தவர் இத்தாலியின் எர்னெஸ்டோ கொல்னாகோ. மொத்த எடை ஆறு கிலோவுக்கும் கீழே. ஹேண்டில் பாரில் துளை, செயினின் பட்டைகளில்கூடத் துளை. அந்தப் படங்களைப் பார்த்த உலகம் டிரில் மெஷினைக் கையில் எடுத்தது. எழுபதுகளில் செயின் சக்கரம், பிரேக் லிவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் துளைத்தார்கள். கம்பெனிகளே துளை போட்ட லிவர்களைச் செய்து விற்கத் தொடங்கின. அந்தக் காலத்துப் பாகங்கள் சில பார்க்க நகை வேலைப்பாடு மாதிரி இருக்கும். பையனின் கணினித் திரையில் பின்னணிப் படமாக இருப்பது அப்படி ஒன்றுதான்.

படத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மெர்க்ஸின் சைக்கிள் ஒரே ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும். பலகையாய் வழவழத்த ஓடுதளம், ஒரே ஆள், பிரேக் இல்லை, கியர் இல்லை, எதிரே வரும் ஆட்டோ இல்லை. வேலை முடிந்ததும் அதற்கு ஓய்வு. இன்று பிரசல்ஸ் மெட்ரோவில், மெர்க்ஸின் பெயரையே தாங்கிய நிலையத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும், எப்படிப்பட்ட தரையில், யாருடைய கனத்தோடு என்று முடிவு செய்துவிட்டுத்தான் கொல்னாகோ துளை போட்டார். ஜீவனஹள்ளிப் பையன் துளையை மட்டும் எடுத்துக்கொண்டான். அவனுடைய சைக்கிள் ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் பள்ளத்தில் இறங்கி, பெயின்ட் அடிக்காத ஹம்ப்பில் ஏறி, ஹெப்பால் தாண்டி நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பக்கத்தில் ஓடி, நந்தி மலையிலிருந்து முழு வேகத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும். அடுத்த ஞாயிறும் அதே கதை.

இதில் இன்னொரு வேடிக்கை. பதினோரு வருஷம் கழித்து, 1984 ஜனவரியில், அதே மெக்சிகோ நகரத்தில் பிரான்செஸ்கோ மோசர் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். அவருடைய சைக்கிள் மெர்க்ஸுடையதைவிடக் கனம். கம்பிகளுக்குப் பதிலாக மூடிய வட்டத் தட்டுகளே சக்கரங்கள். சமதளத்தில் எதிரி காற்றுதான், எடை அல்ல என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. சர்வதேச சைக்கிள் சம்மேளனமும் 2000ஆம் ஆண்டிலிருந்து பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி வைத்துவிட்டது. அதற்குப் பிறகு, சைக்கிள் அளவுக்கு மீறி லேசாகிவிட்டது என்று எடைக்கட்டிகளை ஒட்டி ஓட்டிய அணிகளும் உண்டு.

நம் பக்கத்துச் சைக்கிள்களின் கதை நேர் எதிர். இங்கே வீட்டிலும் பட்டறையிலும் நடந்த மாற்றமெல்லாம் எடையைக் கூட்டுகிற மாற்றம். அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கி, ஹெர்குலஸ் வண்டிகள் ஊரெல்லாம் ஓடிய காலத்திலிருந்து பார்த்தால், வண்டி வாங்கியதும் நேராகப் போகிற இடம் வெல்டிங் கடை. டபுள் பார் இல்லையென்றால் ஒரு பார் சேர்க்கச் சொல்வார்கள். கேரியருக்குக் கீழே இரும்புப் பட்டை, முன் ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கம்பி, குதிரை மாதிரி நிற்கிற ஸ்டாண்டு. இருபது கிலோ வண்டி இருபத்தைந்து ஆகும். யாரும் தராசில் வைத்துப் பார்த்ததில்லை. அந்த வண்டியில் பால் கேன் போகும், சிலிண்டர் போகும், முன்னால் பிள்ளையும் பின்னால் மனைவியும் போவார்கள். இன்றும் ஜீவனஹள்ளி மெயின் ரோட்டில் இளநீர்க்காரர் ஒருவர் நூறு கிலோவுக்குக் குறையாத குலைகளைக் கட்டித் தொங்கவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். நாளைக்கு என்ன சுமை ஏறும் என்று அவருக்குத் தெரியாது. எது வந்தாலும் தாங்கட்டும் என்று இரும்பைச் சேர்த்து வைத்திருக்கிறார். கொல்னாகோவும் இளநீர்க்காரரும் செய்தது ஒரே கணக்கு. விடைதான் வேறு. பையனிடம் அந்தக் கணக்கே இல்லை.

துளை என்றால் அங்கே உலோகம் இல்லை, அவ்வளவுதானே என்று தோன்றும். அந்த இல்லாத உலோகம் சுமந்த விசை பக்கத்தில் இருப்பதன் தலையில் ஏறுகிறது. 1898இல் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் இதற்குக் கணக்குப் போட்டார். அகலமான தகட்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால், நடுவிலுள்ள வட்டத் துளையின் ஓரத்தில் இறுக்கம் மூன்று மடங்கு. துளை சிறியதாக இருந்தாலும் அதே மூன்று மடங்கு. 'சின்னத் துளைதானே' என்கிற சமாதானம் இந்த இடத்தில் செல்லாது.

மூன்று மடங்கு ஏறினாலும் அன்றைக்கே உடைந்துவிடாது. வம்பே அங்கேதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆகஸ்ட் வோலர் என்பவர் ரயில் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்று வருஷக்கணக்கில் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் முறித்துவிடும் என்று காட்டினார். இரும்புக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சின்னச் சுமையையும் அது எண்ணி வைத்துக்கொண்டே வரும். நிமிஷத்துக்கு எண்பது மிதி என்றால் மணிக்கு 4,800. நந்திக்குப் போய்வர ஐந்து மணி நேரம் ஆனால் 24,000. வாரா வாரம் போனால் வருஷத்தில் பன்னிரண்டு லட்சம். துளை போட்ட கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, முதல் மாதம் நன்றாக இருக்கும், இரண்டாம் மாதமும் இருக்கும். 'பாருங்க, ஒண்ணும் ஆகல' என்று சொல்ல அது நிறைய அவகாசம் கொடுக்கும்.

இதையெல்லாம் நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அனுபவத்தில் தெரிந்தவர் எதிர் வீட்டுப் பெரியவர். எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் தகட்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருப்பார். பையன் ஒரு நாள் பெருமையாகத் தன் செயின் சக்கரத்தை அவரிடம் காட்டினான். அவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் ஓட்டினார்.

"பிசிறு எடுக்கலியே தம்பி."

"உள்ளதானே தாத்தா, யாருக்குத் தெரியப்போகுது?"

"விரிசலுக்குத் தெரியும்."

பிறகு அவர் விமான இறக்கையைப் பற்றிச் சொன்னார். இறக்கைக்குள் இருக்கும் ரிப்களில் வரிசையாகப் பெரிய பெரிய துளைகள் உண்டு. எடையைக் குறைக்கத்தான். ஆனால் துளையின் விளிம்பை ஒரு பக்கமாக மடித்துவிடுவார்கள். மடித்த விளிம்பு தகட்டுக்கு விறைப்புக் கொடுக்கிறது. ஓரத்தை வழவழவென்று தேய்த்துவிடுவார்கள். துளை எங்கே வர வேண்டும் என்பது வரைபடத்தில் இருக்கும், அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டாலும் பரிசோதகர் தகட்டையே ஒதுக்கிவிடுவார். 1954இல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் உடைந்து விழுந்ததையும் சொன்னார். உடம்பில் வெட்டிய திறப்புகளின் மூலையில் தொடங்கிய விரிசல், ஒவ்வொரு பயணத்திலும் காற்றழுத்தம் ஏறி இறங்க, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்த கதை அதுவாம்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பட்டியலில் எல்லாம் ஒன்றுபோல இருந்தன, எடை மட்டும்தான் வித்தியாசம். அபாயத்தில் அவை ஒன்றுபோல அல்ல. பிரேக் லிவர் வளையும்போது இறுக்கமெல்லாம் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான். நடுக்கோட்டில் அதிகம் இல்லை. அதனால் நடுவில் வரிசையாகப் போட்ட துளைகளை அது பெரும்பாலும் மன்னித்துவிடும். கிராங்க் அப்படி இல்லை. பெடல் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்பதால், மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் கிராங்க் வளைவதோடு முறுக்கவும் படுகிறது. முறுக்கின் இறுக்கம் மேற்பரப்பில். அங்கேதான் டிரில் பிட் நுழைகிறது. சீட் போஸ்ட் எதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்று காட்டும் கோட்டுக்கு மேலே அதை வெட்டுவது, ஹேண்டில் பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் இரும்பு போல்ட்டை எடுத்துவிட்டு அலுமினிய போல்ட் போடுவது, பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் ஆறு போல்ட்டில் மூன்றைக் கழற்றிவிடுவது போன்றவற்றுக்கு டிரில்லே வேண்டாம், ரம்பமும் ஸ்பேனரும் போதும். என்னைக் கேட்டால் துளைகளைவிட இந்த போல்ட் வியாபாரம்தான் பயமுறுத்துகிறது. ஒரு போல்ட்டை மாற்றினால் மிச்சம் இரண்டு மூன்று கிராம். அது தெறித்தால் ஹேண்டில் பார் கையோடு வந்துவிடும். முன்பக்கம் முறிந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தின் படங்கள் இருக்கின்றன. கற்சாலையில் ஜார்ஜ் ஹின்காப்பி என்ற வீரரின் சைக்கிளில், ஸ்டெம்மைத் தாங்கும் அலுமினிய ஸ்டியரர் குழாய் முறிந்து, ஹேண்டில் பார் தனியே வந்துவிட, ஒரு கணம் அவர் எதையும் பிடிக்காமல் போகிறார். பிறகு விழுகிறார். அது வீட்டுக் கைவேலைகூட இல்லை, தொழில்முறை அணியின் சைக்கிள்.

எடுப்பதெல்லாம் கெடுதல் என்று நினைத்துவிடக் கூடாது. எடுத்ததால் பலமான பாகமும் உண்டு. எழுபதுகளின் புகழ்பெற்ற கம்பன்யோலோ கிராங்குகளில், கை ஐந்து கிளையாகப் பிரிகிற இடத்தில் ஒரு கூரான மூலை இருந்தது. வருஷக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு அந்த மூலையில்தான் விரிசல் விடும். விவரம் தெரிந்தவர்கள் அரத்தை எடுத்து மூலையை உருட்டையாக ராவி, மெருகு ஏற்றிவிடுவார்கள். ஒன்றிரண்டு கிராம் போகும், ஆயுள் கூடும். இதைச் சொன்னதும் பையனுக்கு ஒரே குஷி. பெரியவரும் தலையாட்டினார். தராசில் பார்த்தால் துளையும் ராவலும் ஒன்றுதான். விசை எந்த வழியாக ஓடுகிறது என்று தெரிந்து கை வைத்ததா இல்லையா என்பதைத் தராசு காட்டாது.

பையன் செயின் சக்கரத்துக்குப் பிசிறு எடுத்தான். கிராங்கைத் தொடவில்லை. போல்ட்டுகளை மறுபடி இரும்புக்கு மாற்றினான், முணுமுணுத்துக்கொண்டேதான். தகராறு ஹேண்டில் பாரில் வந்தது. ஸ்டெம் பிடிக்கிற இடத்தை ஒட்டி இரண்டு பக்கமும் ஏற்கெனவே துளை போட்டிருந்தான். பிடிக்கிற இடத்துக்கு வெளியே முதல் அங்குலத்தில்தான் பார் அதிகம் வளையும். அதைக் கையில் வாங்கிய பெரியவர் திருப்பித் தரவில்லை.

"இதை நான் ஓட்டல தாத்தா. வித்துடறேன். ரெண்டாயிரமாவது வரும்."

"வாங்கறவனுக்குச் சொல்லுவியா?"

"டேப் சுத்திட்டா தெரியாது. அவன் மெதுவா ஓட்டறவனா இருந்தா…"

"அவன் எப்படி ஓட்டுவான்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

விமான வேலையில் கழித்துக்கட்டிய பாகத்தை அப்படியே குப்பையில் போட மாட்டார்கள். போட்டால் யாராவது எடுத்துத் துடைத்து, பெயின்ட் அடித்து, எங்கேயோ திரும்ப மாட்டிவிடுவார்கள். அதனால் வெட்டிச் சிதைத்துத்தான் வெளியே அனுப்புவது வழக்கம். பெரியவர் உள்ளே போய் ஹாக்ஸா பிளேடு கொண்டு வந்தார். வைஸ் பையனுடையது, அறுத்தவர் பெரியவர், மறு முனையைப் பிடித்துக்கொண்டது நான். மூன்று துண்டு. சிவாஜிநகர் குஜிரியிலுள்ள பழைய இரும்புக் கடைகளுக்குப் போகிறபோது கொடுத்துவிடச் சொல்லி என்னிடமே தந்துவிட்டார். பையன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பிரேக் லிவரோடு அவர் வாசலில் நின்று, நடுக்கோட்டை எப்படிக் குறிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.