விரல் மொழி

பாவூர்சத்திரத்தில் எங்கள் தெருவில் திண்ணைதோறும் பெண்கள் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றுவார்கள். அம்மாவும் சுற்றினாள். நாளொன்றுக்கு ஆயிரம். வாரத்திற்கு 6 நாள், ஆண்டுக்கு 50 வாரம் என்று கொண்டாலும் 30 ஆண்டுகளில் 90 லட்சம் பீடிகள். நான் முதுகலைத் தமிழ் படித்தது அந்தக் கணக்கில்தான்.

சென்ற ஆண்டு ஒருநாள் ஊறுகாய்ப் புட்டியை என்னிடம் நீட்டி, "திறந்து குடுய்யா" என்றாள். நான் திறக்கும்போது வலக்கைக் கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வற்புறுத்திக் கேட்டபின்பே, "விரல் மொளியெல்லாம் குத்துது" என்று சொன்னாள்.

தென்காசியில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். மனித உடலில் 206 எலும்புகள். அவற்றுள் ஒரு கையில் மட்டும் 27. கட்டைவிரலின் அடிமூட்டில் இரண்டு எலும்புகள், ஒரு சேணத்தின்மேல் இன்னொன்றைக் குறுக்காகக் கவிழ்த்ததுபோலப் பொருந்தியிருக்கின்றன. அதனால்தான் அவ்விரல் பல திசைகளில் அசைந்து மற்ற விரல்களின் நுனியைத் தொடுகிறது. இலையைச் சுருட்ட விரல்நுனியில் தரும் சிறிய அழுத்தம் அந்த அடிமூட்டில் பன்மடங்காக இறங்குகிறது. எலும்போடு எலும்பு உரசாதிருக்க இடையே வழவழப்பான குருத்தெலும்பு உண்டு. அதற்கு இரத்தக் குழாய் இல்லை. மூட்டுத் திரவமே உணவு. ஆகவே தேய்ந்தால் எளிதில் வளராது. நரம்பும் இல்லை, தேயத் தொடங்கும்போது அது முறையிடுவதில்லை. வலி தெரியும்போது பெரும்பகுதி போயிருக்கும். அம்மாவின் படத்தில் அவ்விரு எலும்புகளுக்கும் நடுவே இடைவெளியே தென்படவில்லை.

வீடு திரும்பியதும் அகராதியைப் புரட்டினேன். 'மொளி' என்பது பேச்சுத் திரிபு, மூலச்சொல் 'மொழி'. உடலின் பொருத்து, கரும்பின் கணு என்று பொருள் தந்திருந்தார்கள். இருபது ஆண்டுகளாக வகுப்பில் மொழி கற்பிக்கிறேன். அச்சொல்லின் இந்தப் பொருள் என் வீட்டுத் திண்ணையிலேயே புழங்கியிருக்கிறது. சிறுவயது முதல் காதில் விழுந்தும் நான் கேட்டதில்லை. அம்மாவின் விரல்களையும் அப்படித்தான் நாள்தோறும் கண்டும் பார்த்ததில்லை.

சுளகைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஆனால் மாலையில் திண்ணையில் அமர்ந்தால் அம்மாவின் விரல்கள் தாமாகவே சேலை நுனியைச் சுருட்டுகின்றன, பிரிக்கின்றன, மறுபடியும் சுருட்டுகின்றன. வேண்டாம் என்று தடுக்க எனக்கு வாய் எழவில்லை. அருகில் அமர்ந்து அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொள்கிறேன்.