குளிர்ப்பெட்டி தந்த காற்று

பனையின் ஓலை முதல் வேர் வரை ஒன்றையும் வீணாக்காத மக்கள் நாம். உண்டு முடித்த பனங்கொட்டையையும் மண்ணிற் புதைத்துக் கிழங்காக எடுத்துக்கொள்வது நமது வழக்கம். ஆயினும் இயந்திரப் பொருள்களைப் பொறுத்தவரையில் நம்மிற் பலர் இவ்வழக்கத்தை மறந்துவிடுகிறோம். ஓர் உறுப்புப் பழுதடைந்தால் முழுப்பொருளையும் பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் ஏற்றிவிடுகிறோம். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் அக்கதியே நேர இருந்தது.

அது 1980களில் வாங்கிய பெட்டி. 1990 ஆம் ஆண்டிற் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது அதுவும் உறங்கிப்போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும் அக்காலத்திலேதான். எங்கள் பெட்டியோ பிள்ளைகளின் புத்தக அலுமாரியாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தது. மின்சாரம் மீண்டபின் மறுபடியும் குளிர் தந்தது. இறுதியிற் கதவு மூடாமலும் அடித்தகடு துருவேறியும் போனமையால் விறாந்தையின் மூலையை அடைந்தது. அதன் அடியில் இருந்த கொம்பிறசர் மட்டும் பழுதின்றி இருந்தது.

2022 ஆம் ஆண்டு வந்தது. பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். மூலையிற் கிடந்த துவிச்சக்கர வண்டிகளெல்லாம் தூசி தட்டப்பெற்று வீதிக்கு வந்தன. நெல்லியடியிற் சிறு சைக்கிள் கடை வைத்திருக்கும் என் தமக்கையின் மகனுக்கு ஓய்வென்பதே இல்லாமற் போயிற்று. விடிந்தால் பள்ளிப் பிள்ளைகள் முதல் அலுவலகம் செல்வோர் வரை காற்றடிக்க வந்து நின்றனர். கைப்பம்பை நாள் முழுவதும் அமுக்கி அவனுடைய தோள் வீங்கிவிட்டது. புதிய காற்றுப் பொறியின் விலையோ அவனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அப்பொழுதுதான் விறாந்தையிற் கிடந்த பெட்டியின் நினைவு எங்கள் இருவருக்கும் வந்தது.

குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிறசர் என்பது உண்மையில் ஒரு பம்பேயாகும். கறுப்பு நிற இரும்புக் கூட்டினுள்ளே மின்மோட்டாரும் ஒரு சிறு பிஸ்டனும் எண்ணெயும் அடைபட்டிருக்கின்றன. ஒரு குழாயால் வாயுவை உறிஞ்சி, மற்றொரு குழாயால் அமுக்கி வெளியேற்றுவதே அதன் தொழில். வாயுவின் கனவளவு பாதியாகக் குறைந்தால் அதன் அமுக்கம் இருமடங்காகும் என்று றொபேட் பொயில் 1662 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை நம் மாணவர்கள் பாடத்திற் படிக்கிறார்கள். அந்த விதி குளிரூட்டும் வாயுவுக்கு மட்டும் உரியதன்று. நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் உரியதே. எனவே உறிஞ்சும் குழாயைத் திறந்து தூசு வடிகட்டி பொருத்தினால், குளிர் தந்த பொறி காற்றுத் தரும்.

சொல்வதற்கு எளிது. செய்வதற்கு முன் சில தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது.

முதலாவது, உள்ளே இருந்த வாயு. அக்காலப் பெட்டிகளில் இருந்தது குளோரோபுளோரோகாபன் வகையைச் சேர்ந்த ஆர் 12 ஆகும். அதனை வெட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் வானிற் கலந்து, சூரியனின் தீங்கான கதிர்களினின்றும் நம்மைக் காக்கும் ஓசோன் படையைச் சிதைக்கும். இதனைத் தடுக்கவே 1987 ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1989 இல் இலங்கையும் அதில் இணைந்தது. ஆகவே, வாயுவை உறிஞ்சி உருளையிற் சேர்க்கும் கருவி வைத்திருக்கும் குளிர்சாதனத் தொழிலாளர் ஒருவரை அழைத்தோம். அவர் தம் வேலையை முடித்த பின்னரே செப்புக் குழாயில் வாள் பட்டது. இப்பொழுது வரும் பெட்டிகள் பலவற்றில் தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் இருக்கிறது. அத்தகைய பெட்டியின் குழாய்க்கருகிற் சுடரைக் கொண்டு செல்வது உயிருக்கே உலை வைப்பதாகும்.

இரண்டாவது, அப்பொறியின் இயல்பு. பெட்டியில் இருக்கும்போது குளிர்ந்து திரும்பும் வாயுவே மோட்டாரின் சூட்டைத் தணிக்கிறது. வெறும் காற்றை உறிஞ்சும்போது அந்த உதவி கிட்டாது, சூடு ஏறும். எனவே சிறிது நேரம் ஓடினால் அதற்கு ஓய்வு தரவேண்டும். அன்றியும், அது வெளிவிடும் காற்றோடு எண்ணெயும் சிறிது சிறிதாகப் போகும். அந்த எண்ணெய் ரியூப்பின் இறப்பரைக் கெடுக்கும். உள்ளே எண்ணெய் குறைந்தால் பிஸ்டனும் தேயும். இதற்காக வழியில் ஒரு சிறு எண்ணெய்ப் பிரிப்பானைப் பொருத்தினோம். மேலும், எதிரே அமுக்கம் நிற்கும்போது அப்பொறி மறுபடியும் சுழலத் தொடங்கமாட்டாது. ஆகையால் காற்றை ஒரு புறமாக மட்டும் செல்லவிடும் வால்வும், பொறி நின்றவுடன் இடைக்குழாயில் எஞ்சிய காற்றை வெளிவிடும் ஆளியும் வேண்டியிருந்தன. மின்கம்பியோடு புவித்தொடுப்பையும் மறவாது இணைத்தோம்.

மூன்றாவதே பெருந்தடை. அதுவே காற்றைச் சேமிக்கும் தாங்கி.

மருமகன் முதலில் ஒரு பழைய சமையல் வாயு உருளையைக் காட்டினான். அதை நான் உடனே மறுத்துவிட்டேன். அது நமது உடைமையுமன்று. உள்ளே மிச்சமிருக்கும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். பின்னர், உடைத்து விற்கும் லொறியொன்றின் தடைக்காற்றுத் தாங்கியைத் தேடிக்கொண்டு வந்தான். அது காற்றுக்கென்றே செய்யப்பட்டது. 25 லீற்றர் கொள்வது. புதிதாக வர்ணம் பூசப்பெற்று அழகாகவும் இருந்தது. அன்று மாலையே அதைப் பூட்டிவிட வேண்டுமென்று துடித்தான்.

“தண்ணீர் நிரப்பிச் சோதித்த பிறகு பூட்டலாம்” என்றேன்.

“மாமா, பாக்க நல்லாத்தானே கிடக்கு. விடிஞ்சால் கடை நிறைய ஆக்கள் வந்து நிப்பினம். இனித் தண்ணியும் விட்டுப் பாத்துக்கொண்டு நிக்க நேரமில்லை” என்றான்.

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒரு நாள் தாமதம் அவனுக்கு ஒரு நாள் வருமானம். ஆயினும் ஒரு கணக்கை அவனுக்குச் சொன்னேன். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அமுக்கத்தில் அத்தாங்கியுள் அடைபடும் காற்றின் ஆற்றல், 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவரைப் பனைமரத்தின் வட்டுக்குத் தூக்கிவிடப் போதுமானது. தாங்கி பிளந்தால் அந்த ஆற்றல் இமைப்பொழுதில் வெளிப்படும். தண்ணீரோ அமுக்கத்திற்குச் சுருங்காத பொருள். ஆதலால் தண்ணீர் நிரம்பிய தாங்கி பிளந்தால் ஒரு கசிவோடு அமுக்கம் விழுந்துவிடும். யாருக்கும் ஊறு நேராது. அதனாலேதான் தாங்கிகளைத் தண்ணீரால் முதலிற் சோதிக்கிறார்கள்.

மனமில்லாமல் இசைந்தான். குழாய்வேலைக்காரர் ஒருவரிடம் சோதனைப் பம்பை இரவல் வாங்கினோம். தாங்கியிற் காற்றே இல்லாதபடி நீரை நிரப்பி மெல்ல மெல்ல அமுக்கினோம். வேலை அமுக்கத்தின் ஒன்றரை மடங்காகிய 120 இறாத்தல் வரை செல்வதே எங்கள் எண்ணம். அமுக்கமானியின் முள் 90 ஐத் தாண்டியபோது, அடிப்புறத்து ஒட்டின் அருகே நூலிழை போல நீர் பீறிட்டது.

“சின்ன ஓட்டைதானே மாமா, ஒட்டிவிடலாம்” என்றான்.

நீரை வடித்துவிட்டு, அவ்விடத்திற் சுத்தியலால் தட்டிப் பார்க்கும்படி கூறினேன். இரண்டாம் தட்டில் இரும்பு ஓடுபோல உடைந்து, விரல் நுழையுமளவு துளை விழுந்தது. காற்றிலுள்ள ஈரம் தாங்கியின் அடியில் நீராகத் தேங்கி, ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்தே அரித்திருந்தது. வெளியே வர்ணம், உள்ளே துரு. அவன் நெடுநேரம் பேசவில்லை. காலையிற் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அந்தத் தாங்கிக்கு ஒரு பாக தூரத்திலேதான் வரிசையில் நிற்பார்கள் என்பதை நானும் சொல்லவில்லை. அவனே எண்ணிக்கொண்டான் என்பது முகத்தில் தெரிந்தது.

அடுத்த வாரம் வேறொரு தாங்கி வந்தது. இம்முறை பம்பை இரவல் வாங்கி வந்தவன் அவனே. 120 இறாத்தலில் அரை மணி நேரம் முள் அசையாது நின்றது. அதன் பின்னரே காப்பு வால்வையும், அமுக்கமானியையும், அடியில் நீர் வடிக்கும் குழாயையும் பூட்டினோம்.

அப்பொறி பெரிய வேலைக்கு உதவாது. அதன் பிஸ்டன் ஒரு சுற்றில் உறிஞ்சுவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக் காற்றே. தாங்கியை 80 இறாத்தலுக்கு நிரப்பக் கால் மணி நேரத்துக்கு மேற் செல்லும். ஆனால் ஒரு முறை நிரம்பினால் ஐந்தாறு சைக்கிள் ரயர்களுக்கு 50 இறாத்தல் வரை காற்றுக் கொடுக்கும். சைக்கிள் கடைக்கு அது போதும். இரைச்சலும் இல்லை, அருகில் நின்று பேசலாம். இன்றும் அது வேலை செய்கிறது. மாலையிற் கடையைப் பூட்டுமுன் தாங்கியின் நீரை வடிப்பது மருமகனின் வழக்கமாகிவிட்டது. கடையிற் பழகும் சிறுவனுக்கும் அதையே முதல் வேலையாகக் கற்பித்திருக்கிறான்.

பழைய பொருளைப் பயன்படுத்துவது சிக்கனம் என்கிறோம். அது பாதி உண்மையே. பழையதில் எதனை நம்பலாம், எதனை நம்பலாகாது என்று பிரித்தறிவதே மற்றப் பாதி. கொம்பிறசர் தளர்ந்தால் பொறி நின்றுபோகும். நட்டம் பணத்தோடு முடியும். தாங்கி தளர்ந்தால் நட்டம் அவ்வளவில் முடியாது. வீட்டில் எதையாவது கழற்றிப் பூட்ட விரும்பும் இளைஞர்களை நாம் தடுக்க வேண்டியதில்லை. அவர்கள் கையில் திருப்புளியைக் கொடுக்கும்போது, சோதித்துப் பார்க்கும் பொறுமையையும் சேர்த்துக் கொடுப்போமாக.