அத்தாவின் மாத்திரை அட்டை



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவு. பஜ்ருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அத்தா அழைப்பதாக எண்ணி எழுந்து சென்றேன். அவர்கள் அழைக்கவில்லை, முனகிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிரிலும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "நான் யார்?" என்று கேட்டேன். அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கருவி கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தார். ரத்தச் சர்க்கரை 46.

விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினோம். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், மீண்டுவிட்டார்கள். "சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எடுத்து வாருங்கள்" என்று மருத்துவர் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பிஸ்கட் டப்பாவில் கிடந்த கிளிமிபிரைடு அட்டையில் 4 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது. சீட்டில் மருத்துவர் எழுதியது 1. நிறுவனமும் பெயரும் நிறமும் ஏறத்தாழ ஒன்றே. எண் மட்டும் வேறு. அதை வாங்கி வந்தவன் நான்தான். இஷா தொழுகைக்கு நேரமாகிறதென்று படிக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்தவனும் நான்தான்.

பெரம்பலூரில் உள்ள அந்தக் கடைக்குச் சென்றேன். உரிமையாளர் நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் ரசீதில் 1 மில்லிகிராம் என்றுதான் இருந்தது. அவருக்கே குழப்பம். இருப்பை எண்ணிப் பார்த்தார். 4 மில்லிகிராமில் பத்து மாத்திரை குறைந்தது, 1 மில்லிகிராமில் பத்து கூடியது. வேலைப்பையன் கணினியில் மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியிருக்கிறான். திரையில் சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கையால் அடுத்த பெட்டியிலிருந்து எடுத்துத் தந்திருக்கிறான். திரைக்கும் கைக்கும் இடையே ஒரு சாண் தொலைவு. அந்தச் சாணில்தான் அத்தாவின் உயிர் ஊசலாடியது.

நான் ஓதிக்கொடுப்பது அரியலூரில். என்னிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் மருந்தாளுநர் படிப்பு முடித்து அங்கே ஒரு மருந்துக்கடையில் பணிபுரிகிறார். ஒருநாள் அஸருக்குப் பின் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். மேசைமேல் இருந்த ஸ்கேனரை எடுத்துக் காட்டினார். "ஹஜ்ரத், அட்டையை இதன் முன் நீட்டினால், எடுத்த மருந்து எதுவோ அதுதான் பில்லில் ஏறும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேறொன்றைக் கொடுக்க வழியில்லை."

அவர் விளக்கியதில் சில செய்திகள் எனக்குப் புதியவை. நம் நாட்டுப் பொருள்களில் பெரும்பாலும் 890 என்று தொடங்கும் கோட்டுக்குறி இருக்கிறதல்லவா? அது இன்ன பொருள் என்று மட்டுமே சொல்லும். எந்தத் தொகுதியில் தயாரானது, எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் அதில் இல்லை. கியூஆர் என்னும் சதுரக்குறி அவற்றையும் சுமக்கும். அதிகம் விற்பனையாகும் 300 வகை மருந்துகளுக்கு, 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரிக்கப்படுபவற்றில், இத்தகைய குறியை ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. மருந்தின் வேதிப்பெயர், வணிகப்பெயர், தயாரிப்பாளரின் முகவரி, தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண் ஆகியவை அதில் அடங்கியிருக்க வேண்டும். கைப்பேசியைக் காட்டினால் நாமே படிக்கலாம். மற்ற மருந்துகளுக்குப் பொடி எழுத்துகளும் நம் கண்ணுமே துணை.

இதைக் கேட்டபோது எனக்கு இஸ்னாத் நினைவுக்கு வந்தது. ஒரு நபிமொழியை ஏற்கும் முன் ஹதீஸ் கலை அறிஞர்கள் அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒவ்வொரு அறிவிப்பாளராகப் பார்த்தார்கள். தொடரில் ஓர் ஆள் விடுபட்டாலும் அதற்கு முன்கதிஃ என்று பெயரிட்டு ஒதுக்கிவைத்தார்கள். மருந்துக்கும் அப்படி ஒரு தொடர் வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களுக்கு அந்நியமான சிந்தனை அன்று. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து அஷ்ஷைஸரீ, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக எழுதிய நூலில் மருந்து விற்போருக்கும் பானகம் காய்ச்சுவோருக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கியிருக்கிறார்.

தொகுதி எண் ஏன் முக்கியம் என்பதை 2025 அக்டோபரில் நாமெல்லாம் கண்டோம். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராப் பகுதியில் குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எஸ்ஆர்-13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. வீட்டில் அந்த மருந்துக் குப்பியை வைத்திருந்த தாய், தன் கையிலிருப்பது அந்தத் தொகுதிதானா என்று அறிய அதன் மேலிருந்த எழுத்துகளைத்தான் பார்த்தாக வேண்டும்.

மாணவர் மேலும் ஒன்றைச் சொன்னார். சொல்லத் தயங்கித்தான் சொன்னார். "மாலையில் கூட்டம் நெரியும்போது மூன்று அட்டை கேட்டால், ஒன்றை ஸ்கேன் செய்துவிட்டு மூன்று என்று தட்டிவிடுவோம், ஹஜ்ரத். மற்ற இரண்டையும் இயந்திரம் பார்த்ததே இல்லை." இது அரியலூருக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையை ஸ்கேன் செய்த பின்னரே மருந்து கொடுக்கும் முறை உண்டு. அங்கே வேலையை விரைந்து முடிப்பதற்காகச் செவிலியர் பட்டையின் நகலை வேறிடத்தில் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்ததை 2008இல் ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. கண்ணால் காணாததற்குச் சாட்சி சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். இயந்திரம் பொய் சொல்வதில்லை. காணாததைக் கண்டதாக அதன் வாயில் நாம் வார்த்தையைத் திணிக்கிறோம். நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. படிக்காமல் பையில் போட்டவன் கடிந்துகொள்வது எப்படி?

மருத்துவர் கையால் எழுதிய சீட்டையும் ஸ்கேனர் படிக்காது. சீட்டும் அட்டையும் சந்திக்கும் ஒரே இடம் மருந்தாளுநரின் அறிவு. 1948ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம், சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்கிறது. சில வகை ஆன்ட்டிபயாட்டிக், காசநோய் மருந்துகள் போன்றவற்றுக்கு எச்1 என்றொரு பட்டியல் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும். மாணவர் அந்தப் பதிவேட்டைக் காட்டினார். நீல மையில் வரிவரியாக எழுதியிருந்தார். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆவது, கடனை எழுதிவைப்பது பற்றியது என்பதை மதரஸாவில் என்னிடம் கற்றவர் அவர்.

ஆனால் தொடர் பெரும்பாலும் அறுந்துபோவது கடையைத் தாண்டிய பிறகுதான். அன்று மாதக் கடைசி. மதரஸா ஆசிரியரின் பையில் இருந்த பணத்துக்குப் பதினைந்து மாத்திரை கொண்ட அட்டையில் பத்து மட்டும் வாங்கினேன். கத்தரிக்கோல் போன வழியில், தொகுதி எண்ணும் காலாவதி நாளும் அச்சிட்ட முனை கடையிலேயே தங்கிவிட்டது. நம் வீட்டு டப்பாக்களைத் திறந்து பாருங்கள்: பாதி அட்டைகள், ஊர் பேர் தெரியாத வெள்ளை மாத்திரைகள், போன ஆண்டுக் காய்ச்சலின் மிச்சம். எங்கள் டப்பாவைக் கொட்டியபோது, இன்னதென்று எனக்கே சொல்லத் தெரியாத மாத்திரைகள் பதினொன்று இருந்தன.

இப்போது முழு அட்டையாகவே வாங்குகிறேன். கை இறுக்கமான மாதத்தில், எழுத்துள்ள முனையை என்னிடம் தந்துவிடும்படி கேட்கிறேன். ஸ்கேன் செய்யும் கடையானால் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு 'பீப்' கேட்கும்வரை நிற்கிறேன். பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. பெரம்பலூர்க் கடைக்காரரும் அன்றைய நிகழ்வுக்குப் பின் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறார். இப்போதும் அவரிடமே வாங்குகிறோம். அத்தாவின் விருப்பம் அது.

அத்தாவுக்கு இப்போது பார்வை மங்கல். இரவு உணவுக்கு முன் மாத்திரையை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, "எண் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்பார்கள். நேற்றும் கேட்டார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையை விளக்கின் பக்கம் திருப்பி, "ஒன்று, அத்தா" என்றேன். "இன்னொரு தரம் பார்" என்றார்கள். பார்த்தேன்.