திறக்க முடியாத பொட்டி நம்ம பொட்டி இல்லீங்க

லினக்ஸ், எலக்ட்ரானிக்ஸ் சாமான், ராக் இசை. இந்த மூணையும் பத்தித்தான் நான் எப்பவும் பொலம்புவேன்னு உங்களுக்கே தெரியும். மூணும் தனித்தனிக் கிறுக்குன்னு நண்பர்கள் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க. என்னைக் கேட்டா மூணும் ஒரே கிறுக்குதான். அது எப்படின்னு இன்னிக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாப் போகும், டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

மொதல்ல நான் இருக்குற எடம். கொல்லிமலை, வளப்பூர் நாடு. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை எல்லாம் எங்க பக்கம்தான். காரவள்ளியில இருந்து மேல வர 70 கொண்டை ஊசி வளைவு. சுத்திப் பாக்க பைக்ல வர்றவங்களுக்கு அந்த 70 ஒரு சாதனை. எனக்கு அது ஒரு கணக்கு. ஒரு சாமான் கெட்டுப்போய் "சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாங்க சார்"னு சொன்னாங்கன்னா, குடுக்க ஒரு தடவை எறங்கி ஏறணும், திருப்பி வாங்க இன்னொரு தடவை எறங்கி ஏறணும். ஆக மொத்தம் 280 வளைவு! அப்புறம் எல்லாம் "கிளவுட்"ல இருக்குன்னு பெருமையா சொல்றாங்க. எங்க ஊர்ல மேகம் வீட்டு வாசலுக்கே வருங்க. ஆனா அது வந்தா நெட் போயிடும்.

அதனால எந்தப் பொருளா இருந்தாலும் எனக்கு ரெண்டே கேள்விதான். கெட்டா இங்கயே சரி பண்ண முடியுமா? நெட் இல்லாதப்பவும் வேலை செய்யுமா? கட்டற்ற மென்பொருள் மேல எனக்குப் பிடிப்பு வந்ததே இந்த ரெண்டு கேள்வியாலதான். கொள்கை எல்லாம் அப்புறமா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது.

என்னை ராக் பைத்தியம் ஆக்கினவர் எங்க மாமா. 80கள்ல பெங்களூர்ல ஒரு தொழிற்சாலையில வேலை பாத்துட்டு, அப்புறம் மலைக்கே திரும்பி வந்து மிளகும் காப்பியும் பாத்துக்கிட்டவர். வரும்போது சம்பாத்தியத்தைக் கொண்டு வந்தாரோ இல்லையோ, ஒரு ட்ரங்குப் பொட்டி நெறைய கேசட் கொண்டு வந்தார். டீப் பர்ப்பிள், பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பலின். பலா மரத்தடியில 'மேட் இன் ஜப்பான்' அலறினதை மலையில நிறைய பேர் கேட்டிருக்காங்க. விரும்பித்தான் கேட்டாங்களான்னு என்னைக் கேக்காதீங்க :-)

அந்தக் கேசட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 1963ல பிலிப்ஸ் கம்பெனி அதைக் கொண்டு வந்துச்சு. அந்த வடிவத்தை மத்த கம்பெனிகளும் காசு குடுக்காம பயன்படுத்திக்கலாம்னு விட்டாங்க. அதனாலதான் எந்தக் கம்பெனி கேசட்டும் எந்தக் கம்பெனி டேப்ரெக்கார்டர்லயும் ஓடுச்சு. டேப்பு அறுந்தா செலோடேப் போட்டு ஒட்டுவோம், சுத்திக்கிட்டா பென்சில விட்டு சுத்துவோம், பெல்ட் போனா புது பெல்ட் வாங்கி மாட்டுவோம். யாருகிட்டயும் அனுமதி கேக்கல. கட்டற்றதுன்னு பேரு தெரியாமலே நாம எல்லாரும் அதை அனுபவிச்சிருக்கோம்.

சில வருஷம் முன்னாடி சர்க்கரையால மாமாவுக்குக் கண் பார்வை போச்சு. கொஞ்சம் கொஞ்சமா மங்கி, கடைசியில வெளிச்சம் மட்டும்தான் தெரியும்ங்கிற நிலை. அதே சமயம் டேப்ரெக்கார்டரும் படுத்துடுச்சு. பாதி கேசட்டு பூஞ்சை பிடிச்சுப் போச்சு. மனுஷன் திண்ணையில சும்மா உக்காந்திருக்கிறதைப் பாக்கவே முடியல.

வீட்டுல ஆசையா ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்தாங்க. வாயால சொன்னா பாடும், கண்ணே தேவையில்ல, நல்ல யோசனைதான். ஆனா நெட் இருந்தாத்தான் அதுக்கு உயிர். ஐப்பசி அடைமழையில நாலு நாள் சிக்னல் இல்ல. நாலு நாளும் மாமா கூப்பிடக் கூப்பிட "இணைய இணைப்பு இல்லை"ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஏதோ சொல்லிட்டு இருந்துச்சு. அஞ்சாம் நாள் அவர் கூப்பிடுறதையே நிறுத்திட்டார். போன்ல டாக்பேக் வசதி இருக்கு, திரையில இருக்குறதைப் படிச்சுக் காட்டும், நல்ல வசதிதான். ஆனா வழுவழுன்னு இருக்குற கண்ணாடியில விரலை எங்க வைக்கிறதுன்னு அவருக்குப் பிடிபடல. மேடும் பள்ளமுமா பொத்தான் இருக்குற சாமான்தான் வேணும்.

இந்த எடத்துலதான் நம்ம ஹீரோ வர்றார். பேரு ராக்பாக்ஸ்.

ஆர்க்கோஸ்னு ஒரு எம்பி3 ப்ளேயர் வந்துச்சு. அதுக்குள்ள கம்பெனி போட்டிருந்த மென்பொருள் சுமார் ரகம். அதை வாங்கின ஸ்வீடன் நாட்டு நிரலர்கள் சில பேர், கம்பெனி திருத்தும்னு காத்திருக்காம தாங்களே புது மென்பொருள் எழுத ஆரம்பிச்சாங்க. அதுதான் ராக்பாக்ஸ். அப்புறம் ஐபாட், ஐரிவர், சான்டிஸ்க் சான்சான்னு வரிசையா நிறைய ப்ளேயர்ல ஓட வெச்சாங்க. அந்தக் கம்பெனிகள் பல மாடல்களைக் கைவிட்டாச்சு. ஆப்பிளே 2022ல ஐபாட்டுக்கு மங்களம் பாடிடுச்சு. ராக்பாக்ஸ்ல மட்டும் இன்னிக்கும் தன்னார்வலர்கள் வேலை பாத்துட்டு இருக்காங்க. பெத்தவங்க கைவிட்ட புள்ளைய ஊரே வளர்க்குற மாதிரி.

என்கிட்ட பழைய சான்சா கிளிப் ப்ளஸ் ஒண்ணு இருந்துச்சு. தீப்பெட்டி அளவுதான், தொட்டா தெரியுற பொத்தான், மெமரி கார்டு போட எடம். மாமாவோட கேசட்ல பிழைச்சதை எல்லாம் ஆடாசிட்டியில ஏத்தினேன். 90 நிமிஷக் கேசட்டுக்கு 90 நிமிஷம், குறுக்கு வழி கிடையாது. பாட்டுப் பாட்டா பிரிச்சு, லேம்ங்கிற கட்டற்ற மென்பொருளால எம்பி3 ஆக்கி, மொதல்ல கடையில விக்கிற ஒரு சாதா ப்ளேயர்ல போட்டுக் குடுத்தேன். ரெண்டு பாட்டு ஓடினதும் மாமா கேட்டார்: "டேய் மாப்ள, பாட்டை யாருடா நடுவுல வெட்டினது?"

அவர் கேட்டது நியாயம். பிங்க் ஃபிளாய்டோட 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) தொகுப்புல பல பாட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழிஞ்சு ஓடும். எம்பி3 வடிவமோ ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டு துண்டாத்தான் அடைக்கும். ஆரம்பத்துலயும் கடைசியிலயும் மிச்ச எடத்தை மௌனத்தால நிரப்பிடும். அந்த மௌனம்தான் மாமா காதுல வெட்டு மாதிரி விழுந்துச்சு. லேம் என்ன பண்ணுதுன்னா, எவ்வளவு மௌனம் சேத்தோம்ங்கிறதை கோப்போட தலைப்புலயே குறிச்சு வெச்சுடும். ப்ளேயர் அதைப் படிச்சு நறுக்கிட்டா இடைவெளியே தெரியாது. ராக்பாக்ஸ் நறுக்கும். ஐபாட்டுக்கு இந்த வசதி வந்தது 2006லதான். ராக் கேக்குறவனுக்குத்தானே இந்த வலி தெரியும்? வலி தெரிஞ்சவனே நிரல் எழுத முடிஞ்சதாலதான் தீர்வும் வந்துச்சு.

ஆனா எனக்கு ராக்பாக்ஸ் மேல மரியாதை வந்தது வேற விஷயத்துக்காக. பார்வையில்லாதவங்களுக்காக அதுல மெனு எல்லாத்தையும் குரல்ல சொல்ற வசதி இருக்கு. அது இங்கிலீஷ்ல பேசும், சரி. ஆனா ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நம்ம குரல்லயே பேர் சொல்லிப் பதிஞ்சு, 'டாக்' கோப்பா மாத்தி உள்ள போட்டுக்கலாம். அந்த ஃபோல்டர் மேல போய் நின்னா அந்தக் குரல் கேக்கும்.

மாமாவோட பேத்தியை உக்கார வெச்சேன். அப்ப அவ பத்தாங்கிளாஸ். "தாத்தா, இது பிங்க் ஃபிளாய்டு." "தாத்தா, இது டீப் பர்ப்பிள், சத்தம் கம்மியா வைங்க." "தாத்தா, இது இளையராஜா, பாட்டியையும் கூப்பிடுங்க." ஒரே சாயங்காலத்துல நாப்பது ஃபோல்டர். மறுநாள் காலையில மாமா திண்ணையில தனியா உக்காந்து, பொத்தானை அமுக்கி அமுக்கி, ஒவ்வொரு பேராக் கேட்டுட்டே இருந்தார். பாட்டு எதையும் ஓட விடல. பேரை மட்டும் கேட்டுட்டு இருந்தார்.

அந்தப் பொண்ணு இப்ப சேலத்துல ஹாஸ்டல்ல படிக்குது. போன வருஷம் ப்ளேயர் பேட்டரி உப்பிடுச்சு. ஓட்டைப் பிரிச்சு, அதே அளவு பேட்டரி வாங்கி, கம்பியைப் பத்த வெச்சு மூடினேன். எங்க வீட்டு சமையக்கட்டுல, மொத்தம் அரை மணி நேரம். ஒரு வளைவு கூட எறங்கல. குரல் எல்லாம் அப்படியே இருந்துச்சு. எந்த சர்வர்லயும் இல்ல பாருங்க, அவர் சட்டைப் பையிலதானே இருக்கு.

இதைச் சொன்னா சில பேர் "அப்ப எல்லாம் ஓசியில வேணுங்கிறியா?"ன்னு சண்டைக்கு வருவாங்க. இல்லீங்க. கட்டற்றதுன்னா ஓசின்னு அர்த்தம் இல்ல. 1983ல ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவிச்சதுல இருந்து அவர் தலைபாடா அடிச்சுக்கிறது இதைத்தான். காசு குடுத்து வாங்கு, ஆனா வாங்கினதைப் பிரிக்க, மாத்த, அடுத்தவனுக்குக் குடுக்க உனக்கு உரிமை இருக்கணும்.

ராக் உலகத்துலயும் இதே ரெண்டு கட்சி உண்டு. 2000ல மெட்டாலிகா நாப்ஸ்டர் மேல வழக்கு போட்டுச்சு. அவங்க பாட்டு, அவங்க கோவம், எனக்குப் புரியுது. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே கிரேட்ஃபுல் டெட் குழு, கச்சேரிக்கு வர்ற ரசிகர்கள் பதிவு பண்ணிக்கட்டும்னு 1984ல தனி எடமே ஒதுக்கிக் குடுத்துச்சு. அந்தக் குழுவுக்குப் பாட்டு எழுதின ஜான் பெர்ரி பார்லோதான் 1990ல எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். நம்ம ஊர்ல இந்தியன் ஓஷன் குழு 2010ல '16/330 கஜூர் ரோடு' தொகுப்பை மாசம் ஒரு பாட்டா இணையத்துல இலவசமாவே குடுத்துச்சு. எதிர்ப்பக்கம் 2005ல சோனி பிஎம்ஜி என்ன பண்ணுச்சு? காசு குடுத்து சிடி வாங்கினவனோட கம்ப்யூட்டர்ல, காப்பி அடிக்கிறதைத் தடுக்க, சொல்லாம கொள்ளாம மறைமுக மென்பொருளை ஏத்திவிட்டு, அம்பலமானதும் சிடிகளைத் திரும்ப வாங்கிக்கிச்சு. திருடனைப் பிடிக்கிறேன்னு வாடிக்கையாளர் வீட்டு ஓட்டைப் பிரிச்ச கதை.

கட்டற்ற மென்பொருள்ல குறையே இல்லையான்னு கேட்டா, இருக்கு சாமி, நிறைய இருக்கு. ராக்பாக்ஸ் மெனுவைப் பாத்தா மின்வாரிய ரசீது மாதிரி இருக்கும். நான் சொன்ன டாக் கோப்பு வேலையை மாமா வீட்டுல யாரும் தனியா செஞ்சிருக்க மாட்டாங்க. பக்கத்துல ஒரு பொட்டி தட்டுற ஆள் வேணும். அந்த ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். அதனால நமக்கு ஒரு கடமை இருக்குன்னு நெனக்கிறேன். தெரிஞ்சவன் பக்கத்து வீட்டுக்கும் செஞ்சு குடுக்கணும்.

நான் செய்யுறது ரொம்பச் சின்ன வேலை. 2011ல ஆரம்பிச்ச அரசாங்க இலவச மடிக்கணினித் திட்டத்துல குடுத்த லேப்டாப் எங்க பக்கம் நிறைய வீட்டுல பரண்ல கெடக்கு. பின்னாடி வாங்கின சில பொட்டிகளும் 2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சதும் பரணுக்குப் போகப் பாத்துச்சு. விண்டோஸ் 11 அதுல ஏறாது. பொட்டியில ஒரு கோளாறும் இல்ல, கம்பெனி முடிவு அது. நான் லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுக்குறேன். இதுவரைக்கும் ஏழு. தமிழ்ல தட்டச்சவும், படம் பாக்கவும், பிள்ளைங்க பாடம் படிக்கவும் போதும். எங்க பக்கத்து வீட்டு அம்மா காப்பிக் கணக்கு எழுதுறாங்க.

இதையெல்லாம் ஊர்ல விளக்குறப்ப நான் ஸ்டால்மன் பேரைச் சொல்றதில்ல. சாமை விதையைச் சொல்லுவேன். பக்கத்துத் தோட்டத்துல விதை வாங்கினா, விளைஞ்சதும் கொஞ்சம் கூடச் சேத்துத் திருப்பிக் குடுக்கணும். எடுத்து வெச்ச விதையை விதைக்கவும் மாத்திக்கவும் விவசாயிக்கு உரிமை உண்டுன்னு 2001ல வந்த பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமே சொல்லுது. "வருஷா வருஷம் கம்பெனிகிட்டதான் வாங்கணும்னா அது என்ன விதை?"ன்னு எங்க ஊர்ப் பெரியவங்க சட்டுனு கேப்பாங்க. அதே கேள்வியைத்தான் மென்பொருள்லயும் கேக்குறோம்னு சொன்னா தலையாட்டுறாங்க.

அடுத்த தடவை புதுசா ஒண்ணு வாங்குறப்ப, மெகாபிக்சலையும் ஜிகாபைட்டையும் பாக்குறதுக்கு முன்னாடி இதையும் பாருங்க. பேட்டரியை மாத்த முடியுமா? நெட் இல்லாட்டி என்ன ஆகும்? கம்பெனி கடையை மூடினா நம்ம பாட்டும் படமும் நம்ம கையில இருக்குமா? வேற ஒருத்தர் எழுதின மென்பொருளை ஏத்த விடுமா? நாலுக்கும் ஆமான்னு பதில் வர்ற சாமான் சந்தையில கொறைவுதான். ரெண்டுக்காவது ஆமான்னு வந்தா நான் வாங்கிடுவேன்.

டிஸ்கி: ராக்பாக்ஸ் ஏத்துறதுக்கு முன்னாடி உங்க மாடல் பட்டியல்ல இருக்கான்னு பாத்துக்கங்க. அப்புறம் உப்பின பேட்டரியை ஊசியால குத்திடாதீங்க, தீப்பிடிக்கும். அது மட்டும் திறக்கக் கூடாத பொட்டி!