திறக்க மறுத்த கதவு

நாக்பூரில் மே மாத மதியம். வெயில் 45 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மருந்துக் கடை வாசலில் ஒரு வெள்ளை மாருதி 800. 1997 மாடல், ஏ.சி. இல்லாத ரகம். முன் இருக்கையில், டிரைவருக்கு இடப்பக்கம், 70 வயதைத் தாண்டிய ஒருவர். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போனவர். கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு மட்டும் இறக்கப்பட்டிருக்கிறது.

மனைவி மருந்து வாங்கித் திரும்பியபோது அவர் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. கிளம்பும்போது பாதுகாப்புக்காக அமுக்கிய பூட்டுக் குமிழ் மேலே வர மறுத்தது. இடது கையால் அவரே இழுத்துப் பார்த்துவிட்டு, வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். டிரைவர் கதவும் சாவிக்குச் சிரமப்பட்டே இணங்கியது. கியர் கம்பியைத் தாண்டி அந்த வழியாக அவரை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

பெங்களூரிலிருந்து மகன் போனில் சொன்னது ஒரே வார்த்தை: விற்றுவிடுங்கள். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்த கார் 2014 ஜனவரியோடு தயாரிப்பிலேயே இல்லை. 15 வயதைத் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. ஆனால் பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் போக வேண்டுமே? ஆட்டோவின் படி உயரம்.

அந்த அம்மாள் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பழக்கமில்லை. பழக்கமுள்ளவரால் பிடிக்க முடியாது. மறுநாள் காலை வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார். பக்கவாதம் விட்டுவைத்த நாலைந்து சொற்களில் ஒன்று "நகோ". மராத்தியில் வேண்டாம் என்று அர்த்தம். அன்றைய வேலை முழுக்க அந்தச் சொல்லால்தான் நடந்தது.

குமிழின் இடுக்கில் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்து, துணி சுற்றிய கொறடால் மேலும் கீழும் அசைத்ததில் ஒருவழியாகக் கதவு திறந்தது. அவசரத்தில் அம்மாள் அதை மூடப் போனார். "நகோ!" மூடியிருந்தால் வேலை மறுபடி முதலிலிருந்து.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பிக் கிளிப். நீளத் துணியை உள்ளே விட்டு இடவலமாக இழுத்தால் கழன்றுவிடும். தெறித்து எங்காவது போயும் விடும், போனது. பத்து நிமிடத் தேடலுக்குப் பின் உள்பக்க அட்டை வெளியே வந்தது. அதன் பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பல மெக்கானிக்குகள் கிழித்து எறிந்துவிடுவார்கள். கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதே அந்தத் தாள்தான். பத்திரப்படுத்தினார்கள்.

குமிழிலிருந்து ஒரு மெல்லிய கம்பி பூட்டுக் கொக்கிவரை போகிறது. குற்றவாளி கம்பியல்ல. கொக்கியில் ஒரு காலத்தில் தடவிய கிரீஸ் தூசியோடு சேர்ந்து புளியங்கொட்டைப் பசை போல இறுகியிருந்தது. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் அதைக் கரைத்தன. துடைத்துக் காயவைத்துப் புது கிரீஸ். கொஞ்சம் தாராளமாக எடுத்தபோது மறுபடியும் "நகோ". சாவித் துவாரத்துக்கு எண்ணெயே கூடாது, அது தூசியைச் சேர்த்துக்கொள்ளும். பென்சில் கரித்தூள் போதும்.

கதவு திறந்தபடியே இருக்க, ஸ்குரூ டிரைவர் தண்டைக் கொக்கியின் வாயில் அழுத்தி, பூட்டித் திறந்து பத்து முறை சோதித்தார்கள். பிறகுதான் அட்டை ஏறியது.

அவரைக் கைத்தாங்கலாக இருக்கையில் அமர்த்திக் கதவைச் சாத்தினார் அம்மாள். உள்ளே இருந்தவர் இடது கையால் குமிழை அமுக்கினார். வெளியே நின்றவருக்குத் திக்கென்றது. கண்ணாடியைத் தட்டினார். அவர் சற்று நேரம் இவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு விரலால் குமிழைத் தூக்கினார்.