பூசணிக்காயின் விலை

கோடை முடிந்து மண்டபங்கள் நிரம்பத் தொடங்கும் காலத்தில் எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும். பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம், சிறுவர் இல்லத்துக்கு உதவுகிற குழு. "அண்ணை, உங்கட படம் ஒண்டு தரவேணும். ஏலத்தில விட்டுக் காசை ஊருக்கு அனுப்பப் போறம்." ஸ்காபரோவில் படம் கீறுகிற நாங்கள் மூன்று பேர். மூவருக்கும் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை. இருந்தும் மறுக்க வாய் வருவதில்லை. காசு போகிற இடம் எங்கள் ஊர். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது யாரும் கேட்காமலே கொடுத்தோம். கொடுத்ததில் இன்றுவரை வருத்தமில்லை.

சொல்ல வந்தது ஏலம் நடக்கிற விதத்தைப் பற்றி. மண்டபத்துக்குக் காசு. ஒலியமைப்புக்குக் காசு. றோல்ஸ் பொரித்தவருக்குக் காசு. சென்னையிலிருந்து வந்த பாடகருக்கு விமானச் சீட்டும் காசும். உழைத்தவர்கள் வாங்கத்தானே வேண்டும். அந்த இரவில் காசைப் பற்றி மூச்சு விடக்கூடாதவர் படம் கீறியவர் மட்டுமே.

ஏலம் நடனத்துக்கும் அதிர்ஷ்டச் சீட்டிழுப்புக்கும் நடுவில் வரும். ஒரு முறை நாலடி அகலமான எண்ணெய் வண்ணப் படமொன்று கொடுத்தோம். இரண்டு மாத இரவுகளின் வேலை. பிறேம் போட மட்டும் 180 டொலர். 40 டொலரில் தொடங்கியது. "சுவரில ஓட்டை இருந்தா மறைக்கலாம்" என்று அறிவிப்பாளர் பகிடி விட்டார், சபை சிரித்தது. 120 டொலருக்குப் போனது. எடுத்தவரை மேடைக்கு அழைத்துக் கை தட்டினார்கள். அவர் நல்ல மனுசன். தர்மம் செய்தோம் என்ற நிறைவோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டு கிழமை கழித்து வேறொருவர் எங்களிடம் படம் வாங்க வந்தார். விலையைச் சொன்னோம். "அண்டைக்கு 120க்குத்தானே போனது?" என்றார்.

யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். தோட்டத்து முதற்காய்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். சந்தையில் பத்து ரூபா போகிற பூசணிக்காயை ஒருவர் ஐம்பது என்பார், பின்வாங்கிலிருந்து இன்னொருவர் நூறு என்பார். பூசணிக்காய் பத்து ரூபா என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே மிச்சத் தொண்ணூறும் காணிக்கை என்பதும் தெரியும். படத்தின் விலை எங்கள் மண்டபத்தில் எவருக்கும் தெரியாது. அதனால் கொடுக்கிற ஒவ்வொரு டொலரும் காணிக்கையாகிவிடுகிறது. படம் சும்மா கிடைத்ததாகிவிடுகிறது.

கனடிய வரிச் சட்டம் பூசணிக்காய்க் கணக்கைத்தான் பார்க்கிறது. பதிவுபெற்ற தர்மஸ்தாபனத்தின் ஏலத்தில் பொருள் எடுத்தவருக்கு, அதன் சந்தை விலைக்கு மேலே கொடுத்த தொகைக்கே பற்றுச்சீட்டு. படத்தைக் கொடுத்த ஓவியருக்கும் பற்றுச்சீட்டு உண்டு. ஆனால் அதிலே எழுதுகிற தொகை அவருடைய வருமானமாகவும் கணக்கில் ஏறும். அமெரிக்காவில் இன்னும் மோசம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஓவியர் தன் படத்தை நூதனசாலைக்குக் கொடுத்தால் கன்வஸ், வண்ணம் வாங்கிய செலவைத்தான் கழிக்கலாம். அதே படத்தை வாங்கிப் பல வருடம் சுவரில் மாட்டிவைத்திருந்த செல்வந்தர் கொடுத்தால் சந்தை விலை முழுவதையும் கழிக்கலாம்.

விலை தெரிந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை நியூயோர்க்கில் 2008 பெப்ரவரி 14 அன்று பார்த்தார்கள். ஆபிரிக்காவின் எயிட்ஸ் நிவாரணத்துக்காக டேமியன் ஹேர்ஸ்டும் பாடகர் பொனோவும் ஓவியர்களிடம் கேட்டு வாங்கிய படைப்புகள் சொதபீஸ் ஏலத்தில் 42 மில்லியன் டொலருக்கு மேல் போயின. நாங்கள் ஹேர்ஸ்ட் அல்ல, அது தெரியும். எங்களுக்கு அதைவிடப் பிடித்தது லண்டன் றோயல் கொலிஜ் ஒவ் ஆர்ட் 1994இல் தொடங்கிய ஏற்பாடு. அது ஏலமே இல்லை. பெயர்பெற்றவரும் மாணவரும் தபாலட்டை அளவில் கீறிக் கொடுப்பார்கள், கையெழுத்துப் பின்பக்கத்தில், எல்லாவற்றுக்கும் ஒரே விலை. யாருடைய படமும் மேடையில் மலிவதில்லை.

விற்பதில் பாதியைக் கேட்கலாம் என்கிறார் எங்களில் ஒருவர். மற்ற இருவருக்கும் மனம் வரவில்லை. அந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. இப்போதைக்கு, படத்தோடு ஒரு கடதாசியும் கொடுக்கிறோம்: அளவு, எதனால் தீட்டியது, எங்கள் விலை, அதற்குக் கீழே போவதானால் படம் திரும்பி வரவேண்டும். "தர்மத்துக்குக் குடுக்கிறதுக்கும் விலையோ?" என்று கேட்டு ஒரு சங்கச் செயலாளர் தொலைபேசியை வைத்துவிட்டார். இன்னொரு சங்கம் கடதாசியை ஒலிவாங்கியில் அப்படியே வாசித்தது. 600 டொலர்ப் படம் 850க்குப் போனது. 600 படம் தந்தவர்கள் ஊருக்குக் கொடுத்தது, 250 எடுத்தவர் கொடுத்தது என்று அறிவிப்பாளர் பிரித்துச் சொன்னார். பகிடி விடவில்லை.